ட்ரெஸ்கோவின் வெளிக்கதவு

கல்லூரியில் நான் இருந்த மூன்று வருஷத்தில் என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு எடை எத்தனை ராத்தல்?"

என் கிரேக்கம் எப்படி, லத்தீன் எப்படி, என் ஆத்மா என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் விசாரித்ததில்லை. ஆத்மாவை விசாரிக்கவேண்டிய கல்லூரிப் பாதிரியாரே காலை வழிபாடு முடிந்து வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, "நூத்தி நாலா, அஞ்சாப்பா?" என்று கேட்டிருக்கிறார். நான் படகுக்குச் சுக்கான் பிடிப்பவன். துடுப்புப் போடுகிற எட்டுப் பேரும் மலை மாதிரி இருக்கவேண்டும். சுக்கான் பிடிக்கிற ஒன்பதாவது ஆள் இல்லாத மாதிரி இருக்கவேண்டும். கடவுள் என்னை அந்த வேலைக்கென்றே அளவெடுத்துச் செய்திருந்தார். ஐந்தடி ஓரங்குலம். உயரத்தில் விட்டதைப் பெயரிலாவது பிடிக்கலாம் என்று என் பெற்றோர் ஆகஸ்டஸ் பெரிங்டன் வில்மாட் என்று நீளமாக வைத்திருந்தார்கள். கல்லூரியில் ஒருவனும் அதைச் சொல்லி மூச்சை வீணாக்கவில்லை. அரைப்படி என்றார்கள். மூன்று வருஷமும் அரைப்படிதான்.

இப்போது நான் இருநூறு ராத்தலைத் தாண்டிவிட்டேன். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நான் சொல்லப்போவது 1867ஆம் வருஷத்துக் கதை. ஆக்ஸ்ஃபோர்டில் ஓடுகிற ஆறு ஒடுக்கமானது. இரண்டு படகு ஒன்றோடொன்று ஒட்டிப் போனால் துடுப்புகள் அடித்துக்கொள்ளும். அதனால் போட்டியில் படகுகள் ஒன்றின்பின் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு, சந்தைக்குப் போகிற வண்டிகள் மாதிரி வரிசையாக நிற்கும். பீரங்கி வெடித்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பறக்கவேண்டும். பின்னால் வருகிறவன் உன்னை இடிப்பதற்குள் முன்னால் போகிறவனை நீ இடிக்கவேண்டும். இடித்துவிட்டால் மறுநாள் அவன் இடம் உனக்கு, உன் இடம் அவனுக்கு. மே மாதத்தில் ஆறு நாள் இந்தக் கூத்து. ஆறாம் நாள் முடிவில் வரிசையின் தலையில் நிற்கிற கல்லூரிதான் அந்த வருஷம் முழுக்க ஆற்றுக்கு ராஜா.

எங்கள் செயின்ட் ஆஸித் கல்லூரி ராஜாவாக இருந்ததே இல்லை. வால் பக்கம்தான் எங்களுக்குப் பழக்கம். அங்கே காற்று நன்றாக வரும்.

பிறகு ட்ரெஸ்கோ வந்தான்.

ஜேக்கப் ட்ரெஸ்கோ கார்ன்வால் கடற்கரைக்காரன். அவனுடைய அப்பா, துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்குப் படகில் போய் வழிகாட்டுகிறவர். பையன் உதவித்தொகையில் படிக்க வந்திருந்தான். ஒரே ஒரு கோட்டு. பேச்சில் ஒவ்வொரு சொல்லும் அலையில் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு ராகம். அந்த ராகத்தைக் கேட்டு முதலில் சிரித்தவன் நான்தான். ஐந்தடி ஓரங்குலம் இருக்கிறவனுக்குக் கீழே பார்த்துச் சிரிக்க ஆள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தபோது விடவில்லை.

முதல் பருவம் முழுக்க அவன் சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் அறை என் மாடிப்படியிலேயே, எனக்கு ஒரு மாடி மேலே இருந்தது.

எங்கள் அறைகளின் கதவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. உள்கதவு சாதாரணக் கதவு. வெளிக்கதவு நாலு விரல் கனமுள்ள ஓக் மரம். உள்ளே இருந்து தாழ்ப்பாளை இழுத்தால் திறக்கும். வெளிப்பக்கம் பிடி கிடையாது, சாவித் துவாரம் மட்டும். வெளிக்கதவு திறந்திருந்தால் 'வா' என்று அர்த்தம். சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவன் உலகத்தில் இல்லை. அந்தக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். நண்பன் தட்டமாட்டான், பணியாள் தட்டமாட்டான், கடன்காரன்கூடத் தட்டமாட்டான். கல்லூரியில் உடைக்காத சட்டம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வாரத்துக்கு ஒன்று உடைத்தோம்.

அந்த முதல் பருவத்தில் ட்ரெஸ்கோவின் இரண்டு கதவும் எந்நேரமும் ஆவென்று திறந்தே கிடந்தன. ஒருவரும் போகவில்லை. படியேறி என் அறைக்குத் திரும்பும்போது அண்ணாந்து பார்ப்பேன், மேலே விளக்கு எரியும். சட்டென்று என் அறைக்குள் புகுந்துவிடுவேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் எட்டாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று யாரோ ட்ரெஸ்கோவை ஒரு பயிற்சிப் படகில் இடத்தை நிரப்ப ஏற்றிவிட்டார்கள். கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் படகுத் தலைவன் ஸ்ட்ரோட், பாதியில் நின்றுவிட்டான். ஆறடி மூன்றங்குலம், குரல் கோயில் மணி. படகு கரைக்கு வந்ததும் சேற்றில் இறங்கி ட்ரெஸ்கோவின் சட்டையைப் பிடித்தான்.

"டேய், இத்தனை நாளா எங்கடா இருந்த நீ?"

"சாப்பாட்டுக் கூடத்துல," என்றான் ட்ரெஸ்கோ. "கடைசி பெஞ்சுல."

ஸ்ட்ரோட் நல்லவன். காது வரைக்கும் சிவந்துபோனான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ட்ரெஸ்கோவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். மறுநாளிலிருந்து நாலு பெஞ்சுகள் அவனுக்காகச் சண்டை போட்டன. அந்த ராகத்தில் பேசுவதுகூட எங்கள் கல்லூரியில் ஒரு நாகரிகமாகிவிட்டது. நானும் முயன்றேன். எனக்கு வரவில்லை.

அந்த வருஷமே அவனைத் தாளக்காரன் ஆக்கினார்கள். படகில் தாளக்காரன்தான் எல்லோருக்கும் பின்னால், எனக்கு நேர் எதிரே உட்காருகிறவன். அவன் துடுப்பு விழுகிற கணக்குக்குத்தான் மற்ற ஏழு துடுப்பும் விழவேண்டும். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் படகின் வாலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொருவனுக்கும் தெரிவது முன்னால் இருக்கிறவனின் முதுகு. தாளக்காரனின் முகத்தைப் பார்க்கிறவன் படகு முழுக்க ஒருவன்தான். நான். எங்கள் முழங்கால்கள் கிட்டத்தட்ட இடித்துக்கொள்ளும். அவன் மூச்சு என் முகத்தில் அடிக்கும். மனைவி முகத்தைக்கூட நான் அத்தனை பக்கத்தில் வைத்து அத்தனை நேரம் பார்த்ததில்லை. (இதை அவள் படிக்கமாட்டாள். என் பிரசங்கங்களையே படித்ததில்லை.)

ஒரு வருஷத்தில் பத்தாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்தோம். அடுத்த வருஷம், 1867இல், பேராசிரியர்கள்கூட எங்களைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டார்கள்.

அந்த ஏப்ரலில், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சி முடித்து நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகக் கரையில் நடந்துகொண்டிருந்தோம். பேச்சு தண்ணீரைப் பற்றி. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் தண்ணீர் ஆகாது. காலையில் வேகாத மாட்டிறைச்சி, பழைய ரொட்டி. நாளுக்கு இரண்டு குவளை பீர். தண்ணீர் குடித்தால் மூச்சு இளகிவிடும் என்று ஸ்ட்ரோட் நம்பினான், அவனுக்கு முந்திய தலைவன் நம்பினான், நோவா காலத்துத் தலைவனும் நம்பியிருப்பான். அத்தனை தண்ணீரைப் பார்த்தபிறகு நம்பாமல் என்ன செய்வான்.

"ஆத்துக்குள்ளயே நாள் பூரா உக்காந்திருக்கோம்," என்று ட்ரெஸ்கோ சொன்னான். "ஒரு வாய் குடிக்க முடியல. எங்கப்பாகிட்டச் சொன்னா நம்பவே மாட்டாரு. அரைப்படி, நீ ராத்திரி திருட்டுத்தனமா என்னத்தத் தின்னுற? வேகமாச் சொல்லு, கேட்டாச்சும்..."

அத்தோடு மடங்கி விழுந்தான். புல்லில் முகம். திருப்பினேன். உதடு மை குடித்த மாதிரி நீலம்.

நகரத்து டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மரக்குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு குழாயைத் துடைத்துக்கொண்டே, "துடுப்பைத் தொடாதே," என்றார். "உன் இதயம் இருக்கவேண்டியதைவிடப் பெருசா இருக்கு. நடக்கலாம், படிக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஓட்டினா, ஒரு நாள் அது நின்னுடும். என்னிக்குன்னு எனக்குத் தெரியாது."

வெளியே வந்து தெருவில் நின்றோம். ட்ரெஸ்கோ சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டான்.

"ஸ்ட்ரோட்கிட்டச் சொல்லாதே."

"டேய், பைத்தியமா உனக்கு? அவர் என்ன சொன்னாருன்னு காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. ஆறு நாளுடா. ஒரு நாளுக்கு எட்டு நிமிஷம். அப்புறம் தொடவே மாட்டேன், சத்தியம்."

"செத்துப்போயிட்டா?"

"கடைசி பெஞ்சுல நீ உக்காந்து சாப்பிட்டதில்ல அரைப்படி," என்றான். கோபமே இல்லை குரலில். "படகு இல்லன்னா நான் திரும்ப அங்கதான்."

அப்படியெல்லாம் இல்லை, உன்னை நாங்கள் படகுக்காகவா வைத்திருக்கிறோம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நம்பும்படி சொல்லுவதற்கு அந்த முதல் பருவம் குறுக்கே நின்றது. மேலே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு என் அறைக்குள் புகுந்தவன் நான்.

இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் இல்லையென்றால் படகு பழையபடி வாலுக்குப் போகும். வால் படகின் சுக்கான்காரனை யார் எத்தனை ராத்தல் என்று கேட்பார்கள்?

ஒரு ஒப்பந்தம் செய்தோம். நான்தான் அவன் முகத்தைப் பார்க்கிறவன். "முடியலன்னா கண்ண இறுக்க மூடிக்குவேன்," என்றான். "நீ உடனே நிறுத்துன்னு கத்திடு. சுக்கான் கயிறு அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்." கை குலுக்கிக்கொண்டோம். ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது. இருபது வயதில் எனக்குத் தோன்றியதெல்லாம் புத்திசாலித்தனம்தான்.

முதல் நாள் யாரையும் இடிக்கவில்லை, எங்களையும் யாரும் இடிக்கவில்லை. இரண்டாம் நாள் மூன்றாம் இடம். நான்காம் நாள் இரண்டாம் இடம். ஒவ்வொரு நாளும் முடிந்தபிறகு ட்ரெஸ்கோவின் உதட்டைப் பார்ப்பேன். வெளுத்திருக்கும், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். அவன் கண்ணடிப்பான். ஐந்தாம் நாள் எங்களுக்கு முன்னால் ஒரே படகுதான், மார்ட்லெட் கல்லூரியின் படகு. ஒரு முழத்தில் தப்பித்தது.

ஆறாம் நாள் கரை முழுக்க ஜனம். குடை, தொப்பி, அத்தை மகள்கள், நாய்கள். எங்கள் பணியாள் ட்ரிண்டர்கூட வந்திருந்தார். எங்கள் மாடிப்படியின் எட்டு அறைகளுக்கும் நெருப்பு மூட்டி, வெந்நீர் கொண்டுவந்து, செருப்புத் துடைத்து, முப்பது வருஷமாக அந்தப் படியிலேயே தேய்ந்தவர். ட்ரெஸ்கோ மேல் அவருக்குத் தனிப் பிரியம். "அந்தத் தம்பி ஒருத்தர்தான் சார் 'நன்றி'ன்னு சொல்லும்போது என் முகத்தைப் பாக்குது," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பீரங்கி வெடித்தது. முதல் இரண்டு நிமிஷத்திலேயே பாதி இடைவெளியைத் தின்றுவிட்டோம். வளைவில் நான் கரையை உரசி வெட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான காரியம் அந்த வளைவுதான், அதையும் யாரும் பார்க்கவில்லை. மார்ட்லெட் படகின் வால் எங்கள் மூக்குக்கு ஆறடியில் இருந்தது. ஐந்தடி. கரையில் ஓடிவருகிறவர்களின் கூச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

ட்ரெஸ்கோவின் உதடு நீலமாகிவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு இழுத்தான். பிறகு கண்ணை மூடினான்.

நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழிந்தது. வேர்வை கண்ணில் பட்டால் யாரும் கண்ணை மூடத்தான் செய்வார்கள். நாலடி.

"பத்து இழுப்பு!" என்று கத்தினேன். "இன்னும் பத்தே பத்து! ஒண்ணு!"

அவன் கண்ணைத் திறந்தான். இழுத்தான். ஏழாவது இழுப்பில் எங்கள் மூக்கு மார்ட்லெட் படகின் சுக்கானில் போய் மோதியது. அந்தச் சத்தம், பல்லில் பல் இடிக்கிற மாதிரி சின்னச் சத்தம், இப்போதும் சில சமயம் சாப்பிடும்போது எனக்குக் கேட்கும்.

பிறகு நடந்ததெல்லாம் தண்ணீர். மக்கள் ஆற்றில் குதித்தார்கள். ஸ்ட்ரோட் என்னைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். அது மரபு, மரியாதை. நான் மூக்கில் தண்ணீரோடு மேலே வந்தபோது ட்ரெஸ்கோ துடுப்பின்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"நீ கண்ணை மூடினியா?" என்று காதோரம் கேட்டேன்.

"வேர்வைடா," என்றான்.

அதை நான் நம்பினேன். அவனும் நான் நம்புவதற்காகத்தான் சொன்னான்.

ஆறு மணிக்கு அவனை அறைக்குக் கூட்டிவந்தேன். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்றான். "இந்தப் படியக் கட்டுனவன் கடலையே பாக்காதவன்," என்று முனகினான். படுக்க வைத்து, ஷூவைக் கழற்றி, போர்வையை இழுத்துவிட்டேன். முகத்தில் நிறம் கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது.

"ஒரு மணி நேரம் தூங்கிட்டு வரேன்," என்றான். "எனக்குப் பன்றித்தொடை ஒரு துண்டு எடுத்து வை. ஸ்ட்ரோட் பக்கத்துல வைக்காத, தின்னுருவான்."

"டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"இன்னிக்கு ராத்திரி மட்டும் சும்மா இருடா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

வெளியே வந்தேன். கீழே முற்றத்தில் ஏற்கெனவே பாட்டு ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேர் இந்தப் படியில் ஏறுவார்கள், இவன் முதுகில் ஆளுக்கு ஒரு அடி வைப்பார்கள், தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதை நினைத்தேன். பையன் தூங்கவேண்டும். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சாத்தாத அவனுடைய வெளிக்கதவின் விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தேன். 'டக்' என்று தாழ் விழுந்தது. என்ன ஒரு கரிசனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.

அந்த விருந்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல முடியாது. நாலு மாதப் பட்டினி கிடந்த சுக்கான்காரன் எப்படிச் சாப்பிடுவான் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு ட்ரிண்டர் ஒரு கிண்ணம் சூப்பைத் துணி மூடி எடுத்துக்கொண்டு மேலே போனார். அப்படியே திரும்பி வந்தார்.

"வெளிக்கதவு சாத்தியிருக்கு சார். அந்தத் தம்பி சாத்தி நான் பாத்ததே இல்ல. ரொம்ப அசந்துட்டாரு போல."

"தூங்கட்டும்," என்றேன். சூப் ஆறிவிடுமே என்று அதை நான் குடித்தேன்.

ஒன்பது மணிக்கு ஸ்ட்ரோட், தாளக்காரன் இல்லாமல் வாழ்த்துச் சொல்ல மாட்டேன் என்று எழுந்து போனான். திரும்பி வரும்போது அந்த ஆறடி மூன்றங்குலம் பூனை மாதிரி நுனிக்காலில் நடந்து வந்தது. உதட்டில் விரல். "சாத்தியிருக்கு," என்று கிசுகிசுத்தான். ஸ்ட்ரோட் கிசுகிசுத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். "எல்லாரும் மெதுவாப் பாடுங்கடா. தூங்கறான்." நாற்பது குடிகாரர்கள், ஆற்றின் ராஜாக்கள், அந்த ஒரு பாட்டைத் தொட்டில் பாட்டு மாதிரி அடித்தொண்டையில் பாடினோம். அதைவிட அன்பாக நாங்கள் எதையும் செய்ததில்லை.

படுக்கப் போகுமுன் நானும் மேலே ஏறினேன். பன்றித்தொடைத் துண்டு ஒன்று கைக்குட்டையில் இருந்தது. கதவில் காதை வைத்தேன். நாலு விரல் ஓக் மரம். என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. தட்டுவதற்குக் கை எழவே இல்லை. தட்டலாம் என்று தோன்றியிருந்து தட்டாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. தோன்றவே இல்லை. நானே சாத்திய கதவு, அதற்கு நானே மரியாதை செய்துவிட்டுத் துண்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன்.

காலை ஏழு மணிக்கு ட்ரிண்டர் வெந்நீரோடு போய்த் தன் சாவியைப் போட்டார். கதவு கொஞ்சம் திறந்து நின்றுவிட்டது. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு நான் ஓடினேன்.

இரண்டு கதவுக்கும் நடுவே ஷூ வைக்கிற ஒரு முழ இடம் உண்டு. ட்ரெஸ்கோ அங்கே உட்கார்ந்திருந்தான். உள்கதவைத் தாண்டி அதுவரை வந்திருக்கிறான். ஒரு கை தாழ்ப்பாளுக்குக் கீழே, மரத்தில் தேய்ந்தபடி நின்றிருந்தது. இன்னும் ஒரு சாண் எட்டவில்லை.

"தட்டியிருக்கலாமே சார்," என்று ட்ரிண்டர் என்னிடம் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டார். "நான் தட்டியிருக்கலாமே." வெந்நீர்க் கூஜாவை அவர் கீழே வைக்கவே இல்லை.

பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று உடலைப் பார்க்க வந்த கல்லூரி டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது," என்றார். இன்றுவரை அந்தப் பதிலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அது படுக்கவிடாது.

விசாரணை நடந்தது. டாக்டர் நெஞ்சைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்டு ஸ்ட்ரோட் எழுந்து வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பிறகு அவனிடம் கேட்டார்கள். "வெளிக்கதவைச் சாத்திட்டுப் படுத்திருந்தான்," என்று சொன்னான். விசாரணை அதிகாரியும் எங்களைப் போல அந்த அறைகளில் படித்தவர்தான். தலையாட்டினார். யாராவது தட்டினீர்களா என்று அவர் கேட்கக்கூட இல்லை. அவருக்கே அது கேட்கத் தோன்றாத கேள்வி. என்னைக் கேட்டார். ஆறு மணிக்குப் படுக்கவைத்தேன் என்றேன். அத்தோடு உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் அவனுடைய அப்பா வந்தார். குட்டையான, அகலமான மனிதர். என்னைவிட இரண்டங்குலம்தான் உயரம். அவனுடைய ராகம் அவர் பேச்சிலும் இருந்தது, இன்னும் ஆழமாக. அறையைப் பார்க்கவேண்டும் என்றார். நான்தான் கூட்டிப்போனேன். புத்தகங்களைத் தொடவில்லை. கட்டிலைத் தொடவில்லை. வெளிக்கதவின் முன்னால் நின்று அதை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். கப்பல் பலகையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"நல்ல மரம்," என்றார். "சாத்தியிருந்தா தட்ட மாட்டீங்களாமே?"

"மாட்டோம் ஐயா. அது... இங்க ஒரு வழக்கம்."

"உள்ள இருக்கறவனுக்கு என்ன ஆச்சோன்னு இருக்காதா?"

கதவின் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் தத்துவம் படித்திருந்தேன்.

"எங்க வீட்டுல அவன் எந்தக் கதவையும் சாத்தினதே இல்ல தம்பி," என்றார். "இங்க வந்து மாறிட்டான் போல."

மறுநாள் ரயில் நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சவப்பெட்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். கல்லூரி அவன் துடுப்பை அப்பாவுக்குக் கொடுத்திருந்தது. பன்னிரண்டடி நீளம், அலகில் எட்டுப் பேர் பெயரும் தங்க எழுத்தில், அடியில் சின்னதாக என் பெயர். அதைத் தூக்கிக்கொண்டு அவர் பயணிகள் பெட்டிக்குள் ஏறப் பார்த்தார். வாசலில் இடித்தது. சாய்த்தார், ஜன்னலில் இடித்தது. ரயில் கார்டு ஓடிவந்தார்.

"பெரியவரே, பெரியவரே, இது உள்ள வராது! யார் கண்ணையாவது குத்தும்!"

"அப்ப எங்க வைக்க?"

"சரக்கு வண்டியிலதான் வைக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. பையன் பக்கத்துல வைங்க," என்றார். வைத்தார்கள். துடுப்பு பெட்டியைவிட இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. எங்களில் யாரோ அடக்கமுடியாமல் சிரித்துவிட்டான், சிரித்தபடியே அழுதான். அது நான்.

வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றேன். என் உயரத்துக்கு அவர் முகம் மேலே, தாளக்காரன் முகம் மாதிரி நேருக்கு நேராக இல்லாமல் இருந்தது. அது வசதியாக இருந்தது. பிறகு எனக்கே வெட்கமாகிப் படியில் ஏறி நின்றேன்.

"ஐயா. அவன் மாறல. அந்தக் கதவ அவன் சாத்தல. நான் சாத்தினேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"நெஞ்சு சரியில்லன்னும் எனக்குத் தெரியும். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனவன் நான்தான். படகுல அவன் கண்ண மூடினதப் பாத்தேன். பாத்துட்டு இன்னும் பத்து இழுக்கச் சொன்னேன்."

என்ஜின் பெருமூச்சு விட்டது.

"கதவ ஏன் சாத்தின?" என்றார் கடைசியில். அவருக்கு மற்றதெல்லாம் புரிந்திருந்தது. கடலோரத்தில் வளர்ந்த பையன் துடுப்பை விடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். கதவுதான் புரியவில்லை.

"தூங்கட்டும்னு."

"ம்." தலையை ஆட்டினார். "சின்னப் பிள்ளையில, தூங்கும்போது கதவச் சாத்தினா அழுவான்." என்னைக் குத்துவதற்காகச் சொன்னது இல்லை. எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்தினார், அவ்வளவுதான். "அப்புறமா வந்து பாத்தியா?"

"வந்தேன். வெளிய நின்னேன்."

"தட்டல."

"தட்டல ஐயா."

ஜன்னல் வழியாகக் கை வந்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். என் தொப்பி கோணலாக இருந்திருக்கிறது. அதை நேராக்கினார்.

"அடுத்த தடவ தட்டு," என்றார். வண்டி கிளம்பியது.

நான் பாதிரியாகி முப்பது வருஷம் ஆகிறது. எங்கள் கிராமத்தில் என் பிரசங்கத்துக்கு இருபது பேர் வந்தால் அதிகம். ஆனால் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. சாத்தியிருக்கிற கதவைக் கண்டால் எனக்குக் கால் நகராது. தட்டுவேன். குளித்துக்கொண்டிருந்தவர்களை, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களை, புதுசாகக் கல்யாணமானவர்களை எல்லாம் தட்டி வெளியே வரவழைத்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் திரையை இழுத்துவிடுகிறார்கள். திரையைப் பார்த்தால் இன்னும் பலமாகத் தட்டுகிறேன். பிஷப்புக்கு இரண்டு முறை புகார் போயிருக்கிறது. அவர் தன் அறைக் கதவை மூடிக்கொண்டு என்னை வெளியே காக்கவைத்தார். என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

நேற்று மழை. கடைசி வீட்டில் தனியாக இருக்கிற கிம்பர் அம்மாளின் கதவு மத்தியானம் வரை திறக்கவில்லை. குடையை மடக்கிவிட்டுத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன். இருநூறு ராத்தலும் சாய்ந்து தோளால் ஒரு இடி கொடுக்கலாமா என்று பின்னால் நகர்ந்தபோது, உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"உயிரோடதான் இருக்கேன்!" என்று கத்தினாள் கிழவி. "போய் வேற யாரையாவது எழுப்புங்க, போங்க!"

"சரிம்மா," என்றேன். குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.